டேப்பும் போனுமா, ஒரே மடக்கு போனா? புது ரெப்கள் செய்யும் தவறுகள்

மருந்துக் கம்பெனியில் ரெப்பாக, அதாவது டாக்டர்களைச் சந்தித்து மருந்துகளை எடுத்துச் சொல்லும் வேலைக்கு, சேரும் பையன்கள் இரண்டாவது சம்பளம் வந்ததும் தவறாமல் கேட்பது இதுதான்: "சார், டேப் தனியா வாங்கணுமா, இல்ல மடக்கு போன் ஒண்ணு வாங்கிட்டா ரெண்டு வேலையும் முடிஞ்சிருமா?" கம்பெனியே டேப் கொடுத்துவிட்டால் இந்தக் கவலை கிடையாது. சொந்தக் கருவியில் கம்பெனியின் ரிப்போர்ட்டிங் ஆப்பைப் போட்டுக்கொள்ளச் சொல்லும் இடங்களில்தான் தலைவலி. ஏரியா மேனேஜராக மதுரை, தேனி பக்கம் ரெப்களோடு சேர்ந்து டாக்டர்களைப் பார்க்க (ஜாயின்ட் வொர்க்) போகும்போதெல்லாம் அதே தவறுகளைப் பார்க்கிறேன். சார்ஜ் போடாமல் வருவது, கவர் இல்லாமல் வைத்திருப்பது, பாஸ்வேர்டை மறப்பது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அதெல்லாம் இரண்டு முறை திட்டு வாங்கினால் சரியாகிவிடும். காசைத் தின்னும் தவறுகளை மட்டும் பார்ப்போம்.

விரித்தால் டேப் ஆகிவிடும் என்று நம்புவது

மடக்கு போன்களை நான் குறை சொல்ல மாட்டேன். 2025-இல் வந்த சாம்சங் இசட் ஃபோல்டு 7 வெறும் 215 கிராம்தான், விரித்தால் 8 அங்குலத் திரை. ஆனால் அந்தத் திரை கிட்டத்தட்ட சதுரம். டாக்டரிடம் மருந்தைப் பற்றிக் காட்டும் நம் படங்களோ (விஷுவல் எய்டு) பெரும்பாலும் அகலவாக்கில் செய்தவை. அவற்றை மடக்கு போனில் திறந்தால் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை விழுந்து, படம் சுமார் 15 சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுருங்கும். அதே படம் 11 அங்குல டேப்பில் சுமார் 23 சென்டிமீட்டர் வரும். பரப்பில் கணக்குப் போட்டால் மடக்கு போனில் தெரிவது அதில் பாதிகூட இல்லை.

கையில் வைத்துப் பார்க்கும் நமக்கு இது உறைக்காது. டாக்டர் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். டோஸேஜ் அட்டவணை வரும்போது அவர் கண்ணாடியைத் தேடினால், நமக்குக் கிடைத்த இரண்டு நிமிடத்தில் பாதி போச்சு.

இன்னொன்றும் இருக்கிறது. எல்லாம் ஒரே கருவியில் இருந்தால், டாக்டர் கையில் கொடுப்பது நம் சொந்த போனை. பெரியகுளத்தில் ஒரு தம்பி ஆன்டிபயாடிக் ஸ்லைடைக் காட்டிக்கொண்டிருந்தபோது திரையின் உச்சியில் ஸ்டாக்கிஸ்ட்டின் (மருந்து மொத்த வியாபாரி) வாட்ஸ்அப் வந்து நின்றது: "அந்த டாக்டர் எழுதவே மாட்டேங்கிறாருன்னு சொன்னீங்களே, சரக்கு அனுப்பவா வேணாமா?" டாக்டர் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஸ்லைடை மட்டும் தள்ளினார். 'தொந்தரவு செய்யாதே' போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். போடலாம். ஒவ்வொரு கிளினிக் வாசலிலும் போட்டு, வெளியே வந்ததும் எடுக்க வேண்டும். எடுக்க மறந்த நாளில் மேனேஜர் அழைப்பு வரும்.

வைஃபை மட்டும் உள்ள டேப்

சரி, இரண்டு கருவிதான் நல்லது என்று முடிவு செய்கிறார்கள். அப்புறம் கடைக்குப் போய் இதைத்தான் செய்கிறார்கள். எத்தனை பேருக்குச் சொல்லியும் நிற்காத தவறு இது. இன்னமும் கேட்டால் எரிச்சல் வருகிறது.

கடையில் நடப்பது இப்படி. ஒரே டேப், இரண்டு விலை. சிம் போடும் மாடலுக்குக் கூடுதல் காசு. ஐபேடில் அந்த வித்தியாசம் சுமார் 15,000 ரூபாய், ஆண்ட்ராய்டில் குறைவு. கவுன்ட்டரில் இருப்பவர் சொல்வார்: "போன்ல ஹாட்ஸ்பாட் போட்டுக்கலாம் சார், எதுக்கு ரெண்டு ரீசார்ஜ்?" கேட்க நியாயமாகத்தான் இருக்கும். பையனும் மிச்சம் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் வைஃபை மாடலோடு வந்துவிடுவான்.

மறுநாள் காலை ஓபி. வரிசையில் நம் முறை வருகிறது. டேப்பை எடுக்கிறான், நெட் இல்லை. போனை எடுத்து ஹாட்ஸ்பாட் போடுகிறான். முந்தின கிளினிக்கில் போட்டிருந்தது, எதுவும் இணைப்பில் இல்லாததால் போன் தானே அணைத்துவிட்டது. டேப் அதைத் தேடுகிறது. டாக்டர் அடுத்த டோக்கனை அழைக்க மணியை அடிக்கிறார். இது ஒரு கிளினிக். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கால் (டாக்டர் சந்திப்பு) என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மதியம் இரண்டு மணிக்கெல்லாம் போன் சூடாகி, சார்ஜ் இறங்கி நிற்கும். போன் அணைந்தால் டேப்பும் குருடு. இரண்டு கருவி வாங்கியதே ஒன்று படுத்தால் இன்னொன்று ஓடட்டும் என்றுதான். வைஃபை டேப்பில் அது கிடைக்காது. கையில் இருப்பது போனுக்கு ஒரு பெரிய திரை, அவ்வளவே.

மலைப்பக்கம் போனால் இன்னும் மோசம். போடிக்கு மேலே ஒரு வளைவில் ஒரு கம்பெனி சிக்னல் இருக்கும், அடுத்த வளைவில் வேறொன்று. போனில் ஒரு கம்பெனி சிம், டேப்பில் வேறு கம்பெனி சிம் என்று வைத்திருப்பவன் ஏதாவது ஒன்றில் டிசிஆர் (அன்றைய சந்திப்புகளின் அறிக்கை) ஏற்றிவிடுவான். ஹாட்ஸ்பாட்காரன் கீழே இறங்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இதுவரை சொன்னதெல்லாம் சிரமம். காசு போவது எங்கே என்றால், இடக்குறியீட்டில். இப்போது பல கம்பெனிகளின் ரிப்போர்ட்டிங் ஆப்பில் கால் பதியும்போதே நாம் நிற்கும் இடமும் பதியும். வைஃபை ஐபேடில் ஜிபிஎஸ் சிப்பே கிடையாது. செல்லுலார் மாடலில்தான் உண்டு. வைஃபை மாடல் சுற்றியிருக்கும் வைஃபை நெட்வொர்க்குகளை வைத்து இடத்தை ஊகிக்கும். பெரிய நகரத்தில் ஊகம் ஓரளவு சரியாக வரும். கம்பத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி வாசலில் நின்றால் எதை வைத்து ஊகிக்கும்? அங்கே வேலை பார்த்த ஒரு பையனின் கால்கள் ஒரு மாதம் முழுக்க 'இடம் பொருந்தவில்லை' என்று சிவப்பில் நின்றன. அவன் போனான், டாக்டரைப் பார்த்தான், நானே ஒரு நாள் கூட இருந்தேன். ஆனால் ஆப்புக்கு அது தெரியாதே. அலவன்ஸ் நின்றது. நான் விளக்கம் எழுதி, அதற்கு மேலே ஒருவர் அனுமதி கொடுத்து, பணம் வர அடுத்த மாதம் ஆயிற்று. ஆண்ட்ராய்டு வைஃபை டேப்களில் பலவற்றில் ஜிபிஎஸ் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. பெட்டியைப் பிரிப்பதற்கு முன் விவரக்குறிப்பைப் பாருங்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், வாங்கிய பிறகு திருத்த வழியில்லை. வைஃபை மட்டும் உள்ள டேப்பில் பிறகு சிம் போட முடியாது. பழசாக விற்கலாம் என்றால் வாங்கிய விலையில் பாதி கேட்பார்கள். மிச்சம் பிடித்த காசு அங்கேயே போய்விடும்.

பெட்டியின் மேல் 'எல்டிஇ', '5ஜி', 'செல்லுலார்' என்று ஏதாவது ஒரு வார்த்தை இருக்க வேண்டும். இல்லையென்றால் பில் போட வேண்டாம்.

பேங்க் நம்பரை டேப்பில் போடுவது

செல்லுலார் ஐபேடில் சிம் போட்டாலும் சாதாரண போன் கால் பேச முடியாது. பேங்க் ஓடிபியையும் அதில் எதிர்பார்க்காதீர்கள். டேப்பில் டேட்டாவுக்கு என்று தனி சிம். பேங்க், யுபிஐ நம்பர் போனிலேயே இருக்கட்டும்.

எல்லா முட்டையும் ஒரே கருவியில்

மடக்கு போன் மட்டும் வைத்திருப்பவர்கள் அது பஸ்ஸில் தொலைந்த நாளை நினைத்துப் பார்ப்பதில்லை. டூப்ளிகேட் சிம் அன்றைக்கே கிடைத்துவிடும். ஆனால் மோசடியைத் தடுக்க, சிம் மாற்றியபின் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது. எஸ்எம்எஸ் இல்லையென்றால் ஓடிபி இல்லை. ஓடிபி இல்லையென்றால் கம்பெனி ஆப்பிலும் நுழைய முடியாது. அதற்கப்புறம் புதுப் போனில் யுபிஐ பதிந்தாலும் முதல் நாள் 5,000 ரூபாய்தான் வரம்பு. டேப் தனியாக, அதில் ஆப் ஏற்கெனவே லாகின் ஆகி இருந்தால், குறைந்தபட்சம் அன்றைய கால்களாவது பதிவாகும். தொலைந்ததை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ (போனின் அடையாள எண்) கொடுத்து முடக்கிவிடலாம். அந்த நம்பரை வேறெங்காவது எழுதி வைத்திருந்தால்.

மடக்கு போன் உள்திரையின் மெல்லிய தாள்

உரிக்காதீர்கள். அது ஸ்கிரீன் கார்டு இல்லை, திரையின் பகுதி. 2019-இல் சாம்சங்கின் முதல் ஃபோல்டு போனைச் சோதித்தவர்கள் சிலரே அதை உரித்துக் கெடுத்தார்கள்.

பைக் டேங்க் பையில் வைப்பது

ஆப்பிள் தன் ஐபேடுக்குச் சொல்லும் வேலை வெப்பநிலை 35 டிகிரி வரை. மே மாத மதுரையைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா?

ஸ்லைடை நெட்டில் திறப்பது

முந்தின இரவே டவுன்லோடு.

ஒன்றே போதும் என்பவர்கள்

இருக்கிறார்கள். ஏரியா மேனேஜர் ஆனபின் நாம் படம் காட்டுவது குறைவு, எக்ஸெல்லும் மெயிலும் படிப்பதுதான் அதிகம். பஸ்ஸில் உட்கார்ந்து விற்பனை ஷீட்டை விரித்துப் பார்க்க மடக்கு போன் அருமையாக இருக்கிறது. 2013-இல் ஆசுஸ் ஃபோன்பேட் என்று 7 அங்குல டேப்பில் போன் வசதி வைத்து விற்றார்கள். அதைக் காதில் வைத்துப் பேசியவர்களைப் பார்த்து ஸ்டாக்கிஸ்ட் கடையில் சிரித்திருக்கிறோம். அந்தக் கூத்து மடக்கு போனில் இல்லை, மடித்துவிட்டால் சாதாரண போன்தான். ஆனால் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத ரெப் கேட்டால் நான் சொல்வது ஒன்றே: சாதாரண ஆண்ட்ராய்டு போன் ஒன்று, சிம் போடும் 10 அல்லது 11 அங்குல டேப் ஒன்று. இரண்டும் சேர்த்தே ஒரு நல்ல மடக்கு போன் விலையில் பாதிக்குள் முடிந்துவிடும். மிச்சத்தில் டேப்புக்கு நல்ல கவரும், மழைக்கு ஒரு ஜிப் பையும் வாங்கிக்கொள்ளலாம்.