எடிட்டருக்குள் ஷெல்: எங்கே சறுக்குகிறோம்?

விஎஸ் கோட் எடிட்டரில் சில பைதான் வரிகளைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட்டும் என்டரும் தட்டினால், கீழே பைதான் ஷெல்லில் (தட்டிய வரிகளை அப்போதே ஓட்டிக் காட்டும் இடம்) அவை உடனே ஓடிவிடும். வெப் டெவலப்மென்ட் கற்கிறவர்கள் கட்டாயம் பழக வேண்டிய வசதி இது. ஆனால் கோப்பில் இருப்பதுதான் ஷெல்லிலும் இருக்கிறது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

சிங்கப்பூர் தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு, ஜாங்கோ என்ற பைதான் வெப் ஃபிரேம்வொர்க்கில் ஆர்டர் தளம் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பழைய கோடில் பொருள் சேவை வரி 8 விழுக்காடு. 2024 முதல் அது 9 ஆயிற்றே என்று திருத்திச் சேமிக்கிறீர்கள். பிரௌசரில் 10 வெள்ளிச் சாப்பாட்டுக்கு 10.90 என்று சரியாக வருகிறது. ஷெல்லில் அதே ஃபங்ஷனைக் கூப்பிட்டால் 10.80! கோப்பு மாறியதும் ஜாங்கோவின் டெவலப்மென்ட் சர்வர் தானாகவே மறுபடி தொடங்கும். திறந்து கிடக்கும் ஷெல் அப்படிச் செய்யாது. இன்னொரு முறை இம்போர்ட் செய்தும் பயனில்லை. பைதான், ஏற்கெனவே நினைவில் இருக்கும் மாட்யூலையே, அதாவது கோப்பின் பழைய வடிவத்தையே, எடுத்துக் கொடுக்கும். ரீலோட் செய்யலாம்தான். ஆனால் ஃபங்ஷனைப் பெயர் சொல்லித் தனியாக இம்போர்ட் செய்திருந்தால், அந்தப் பெயர் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். ஷெல்லை மூடித் திறந்துவிடுங்கள், சில விநாடி வேலை.

மறுபக்கமும் உண்டு. ஷெல்லில் தட்டிய வேரியபிளைக் கோப்பில் எழுத மறந்திருப்பீர்கள். ஷெல்லில் ஓடியது சர்வரில் நேம் எரர் கொடுக்கும்.

அப்புறம் நேரம். காலை 7 மணிக்கு வந்த தோசை ஆர்டர், ஷெல்லில் முந்தின நாள் இரவு 11 மணி என்று தெரியும். பதறிப்போய் கோடில் 8 மணி நேரத்தைக் கூட்டிவிடாதீர்கள். டைம்சோன் வசதி இயங்கும்போது ஜாங்கோ நேரத்தை யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் வைக்கிறது. சிங்கப்பூர் அதைவிட 8 மணி நேரம் முன்னால். செட்டிங்ஸில் டைம்சோன் சிங்கப்பூர் என்று இருந்தால், பார்க்கும்போது ஜாங்கோவின் லோக்கல்டைம் ஃபங்ஷன் வழியாகப் பாருங்கள், போதும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது, வாடிக்கையாளர் தகவல் உள்ள அசல் டேட்டாபேஸோடு இணைந்த ஷெல்தான். டெலீட் என்று தட்டினால் 'நிச்சயமா?' என்று அது கேட்காது. ரூபி மொழியின் வெப் ஃபிரேம்வொர்க்கான ரெயில்ஸின் கன்சோலில் (அதன் ஷெல்) சாண்ட்பாக்ஸ் என்று ஒரு வசதி உண்டு. வெளியேறும்போது டேட்டாபேஸில் செய்த மாற்றங்களைத் திரும்பப் பெற்றுவிடும். ஜாங்கோ ஷெல்லில் அது இல்லை. எந்த டேட்டாபேஸ் என்று செட்டிங்ஸில் பாருங்கள், அழிப்பதற்குமுன் எத்தனை பதிவுகள் என்று கவுன்ட் போட்டுப் பாருங்கள். அடையாள அட்டை எண்களையோ பாஸ்வேர்டுகளையோ ஷெல்லில் தட்டவே வேண்டாம். பைதான் ஷெல்லும், ஜாவாஸ்கிரிப்டுக்கான நோட் ஷெல்லும் நீங்கள் தட்டிய வரிகளை ஹோம் ஃபோல்டரில் ஒரு ஹிஸ்டரி கோப்பில் வழக்கமாகச் சேமித்துவைக்கும். ஷெல்லை மூடினாலும் அவை அங்கேயே கிடக்கும்.