பல விலைகளில் வாங்கிய பங்குக்குச் சராசரி விலை கணக்கிடுவது எப்படி?

ஒரே கம்பெனியின் பங்கை மூன்று தடவையாக வாங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் 100 விலையில் 10 பங்கு, பிறகு 80-ல் 30, கடைசியாக 95-ல் 20. மூன்று விலைகளையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 91.67 வரும். இது தப்பு. கையில் உள்ள பங்கில் பாதி 80-க்கு வாங்கியது; மூன்று விலைக்கும் சமமான இடம் கொடுத்தால் கணக்கு மேலே ஏறிவிடும்.

ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கையை விலையால் பெருக்குங்கள்: 1,000, 2,400, 1,900. கூட்டினால் 5,300. மொத்தப் பங்கு 60. 5,300-ஐ 60-ஆல் வகுத்தால் 88.33. இதுதான் சராசரி.

வாங்கும்போது போன தரகு, வரி, இதர கட்டணங்களையும் அடக்கத்தில், அதாவது பங்கை வாங்க ஆன மொத்தச் செலவில், சேர்க்க வேண்டும். மூன்று தடவைக்கும் சேர்த்து 30 போயிருந்தால் 5,330 ÷ 60 = 88.83. செயலியில் தெரியும் சராசரியில் பெரும்பாலும் இந்தச் செலவு இருக்காது. உங்கள் கணக்கோடு சில காசு வித்தியாசம் வந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். (கீழே வரும் கணக்குகளில் எளிமைக்காகக் கட்டணத்தை விட்டுவிடுகிறோம்.)

நோட்டிலோ எக்ஸெலிலோ சராசரியை மட்டும் எழுதி வைக்காதீர்கள். மொத்த எண்ணிக்கை, மொத்த அடக்கம் என்ற இரண்டையும் எழுதுங்கள். 88.33-ஐ 60-ஆல் திரும்பப் பெருக்கினால் 5,299.80 தான் வரும். ஒவ்வொரு முறையும் இப்படிச் சுருக்கிய எண்ணிலிருந்து தொடங்கினால் பிசிறு சேர்ந்துகொண்டே போகும்.

அதிகம் பேர் தடுமாறுவது விற்கும்போதுதான். 60-ல் 15 பங்கை 110-க்கு விற்றால் கைக்கு 1,650 வரும். அதை 5,300-லிருந்து கழித்து, மீதி 3,650-ஐ 45-ஆல் வகுத்து, சராசரி 81.11 ஆகக் குறைந்துவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள். கழிக்க வேண்டியது விற்ற தொகையை அல்ல, விற்ற பங்கின் அடக்கத்தை. 15 பங்கின் அடக்கம் 1,325. மீதி 45 பங்குக்கு 3,975. சராசரி அதே 88.33. 325 லாபம், அதைத் தனியாக எழுதுங்கள். அடக்கத்தில் கரைத்துவிட்டால் அடுத்த விற்பனையில் அதே லாபத்தை இன்னொரு முறை எண்ணிவிடுவீர்கள்.

முதலில் வாங்கியது முதலில் விற்றதாகக் கொள்ளும் முறையும் உண்டு. அதன்படி 100-ல் வாங்கிய பத்தும் 80-ல் வாங்கிய ஐந்தும் போய்விடும்; மீதியின் சராசரி 86.67. வரிக்கு எந்த முறை செல்லும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். உங்களுக்குப் பொருந்துவதைப் பார்த்து, வரிக் கணக்கைத் தனித் தாளில் வையுங்கள்.

எதையும் விற்காமல் 60 பங்கும் கையில் இருக்கும்போது ஒன்றுக்கு ஒன்று போனஸ் (கம்பெனி இலவசமாகத் தரும் பங்கு) வந்தால் எண்ணிக்கை 120, அடக்கம் அதே 5,300, சராசரி 44.17. கம்பெனி ஒரு பங்கை இரண்டாகப் பிரித்தாலும் இப்படித்தான். இதைப் பதியாமல் விட்டால் ஒரே நாளில் பாதி பணம் போனதுபோலத் தெரியும். உரிமைப் பங்குக்கு (ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்குக் கம்பெனி விலைக்குத் தரும் புதுப் பங்கு) கட்டிய பணம் அடக்கத்தில் சேரும். டிவிடெண்ட் (கம்பெனி லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குத் தரும் பணம்) என்பது வருமானம், அதை அடக்கத்தில் கழிக்காதீர்கள்.

விலை இறங்கியபின் ஆவரேஜ் பண்ண, அதாவது மேலும் வாங்கிச் சராசரியைக் குறைக்க, எத்தனை வாங்க வேண்டும்? இப்போதைய சராசரியில் இலக்கை (நீங்கள் எட்ட விரும்பும் சராசரியை) கழித்து, கையிருப்பால் பெருக்குங்கள். அதை, இலக்கில் சந்தை விலையைக் கழித்தால் வருவதால் வகுங்கள். அதே 60 பங்கு, சந்தை விலை 70, இலக்கு 80 என்றால் 500 ÷ 10 = 50 பங்கு, செலவு 3,500. இலக்கை 75 ஆக்கினால் 800 ÷ 5 = 160 பங்கு, செலவு 11,200. இதுவரை போட்ட பணத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். இலக்கு 70-ஐ நெருங்க நெருங்கத் தேவைப்படும் பணம் தாறுமாறாக ஏறும்; 70-க்கு வாங்கிக்கொண்டே இருந்து சராசரியை 70-க்குக் கொண்டுவர எவ்வளவு பணமும் போதாது.