பெரியாறு அணை நீர்மட்டத்தை எக்செல்லில் ஓடவிடுவது

கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாறு நீர்மட்டம் தெரியாமல் யாரும் நாற்று பாவுவதில்லை. ஓராண்டு நீர்மட்டத்தை நாள்நாளாக ஏறி இறங்கும் கோடாகக் காட்ட எக்செல் போதும்.

முதல் வரி தலைப்பு. ஏ பத்தியில் தேதி, பி-யில் அடிக்கணக்கு. தேதியைப் புள்ளி வைத்து அடித்தால் பெரும்பாலும் வெறும் எழுத்தாகிவிடும், சாய்கோடு போடுங்கள். இ1 கட்டத்தில் 1 என்று எழுதுங்கள், எத்தனை நாள் வரை கோடு தெரிய வேண்டும் என்பதே இந்த எண். சி பத்தியில் இஃப் ஃபார்முலா: வரி எண்ணில் ஒன்று கழித்தது இ1-க்குள் இருந்தால் பி-யின் மதிப்பு, இல்லாவிட்டால் என்ஏ, அதாவது 'மதிப்பு இல்லை' என்று சொல்லும் NA(). இ1-க்கு இரண்டு டாலர் குறியும் ($E$1) வேண்டும். என்ஏ-வுக்குப் பதில் வெற்று மேற்கோள்குறி போட்டால் கோடு தொபுக்கென்று பூஜ்யத்துக்கு விழும். டி பத்தி முழுக்க 142. உச்ச நீதிமன்றம் 2014-இல் அனுமதித்த அதிகபட்ச நீர்மட்டம் (அடியில்), சிவப்புக் கோடாக நிற்கும்.

ஏ, சி, டி மூன்றையும் வைத்து லைன் சார்ட். செங்குத்து அச்சை 100 முதல் 145 வரை பூட்டிவிடுங்கள். தானாக விட்டால் அளவுகோல் இடையில் மாறி, ஏறாத தண்ணீர் ஏறியதுபோல் தெரியும்.

டெவலப்பர் பட்டையில் ஃபார்ம் கன்ட்ரோல் ஸ்க்ரோல் பார்: குறைந்தது 1, அதிகம் 365, இணைப்பு இ1. இழுத்தால் ஓடும்.

தானாக ஓட மேக்ரோவில் (எக்செல்லுக்கு எழுதும் சிறு நிரலில்) இ1-ஐ 1 முதல் 365 வரை ஏற்றும் ஃபார் லூப் வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் திரையைப் புதுப்பிக்க விடும் டூஈவென்ட்ஸ் கட்டளை இல்லையென்றால் கடைசிப் படம் மட்டுமே தெரியும். இடைவெளிக்கு வெயிட் கட்டளை வேண்டாம், அது முழு நொடிக் கணக்கு. ஆறு நிமிடம் யார் பார்ப்பது? டைமர் வைத்து 0.05 நொடி கொடுத்தால் சுமார் 18 நொடியில் ஆண்டு முடியும்.