முற்பிறவிக்கு அழைத்துப் போகிறவர் செய்யக் கூடாதவை

1952 நவம்பரில், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள பியூப்லோ என்ற ஊரில், மோரி பெர்ன்ஸ்டீன் என்ற வியாபாரி வர்ஜீனியா டை என்ற இளம் இல்லத்தரசியைப் படுக்க வைத்து ஹிப்னாஸிஸ் செய்தார். மருத்துவம் படித்தவர் அல்ல, ஆர்வத்தில் கற்றுக்கொண்டவர். குழந்தைப் பருவம் வரை கொண்டுபோனவர் அங்கே நிற்கவில்லை. இன்னும் பின்னால் போ, விசித்திரமாகப் பட்டாலும் வேறொரு இடம், வேறொரு காலம் உனக்குத் தெரியும் என்கிற மாதிரி சொன்னார். தெரிந்தது. அடி வாங்கிய கோபத்தில் கட்டில் பெயின்டைச் சுரண்டுகிற ஒரு சிறுமி. பெயர் பிரைடி மர்ஃபி. 1798இல் அயர்லாந்தின் கார்க்கில் பிறந்து 1864இல் பெல்ஃபாஸ்ட்டில் இறந்தவளாம்.

1956இல் இது புத்தகமாக வந்ததும் அமெரிக்காவுக்கே பித்துப் பிடித்தது. போன பிறவி வேஷத்தில் வரச் சொல்லி விருந்துகள்கூட நடந்தன. ரிக்ரஷன், அதாவது ஹிப்னாஸிஸ் மூலம் முற்பிறவிக்கு அழைத்துப் போகும் தொழிலுக்கு வருகிறவர்கள் முதலில் படிக்க வேண்டிய கேஸ் இதுதான் என்பேன். செய்யக் கூடாதவற்றில் முக்கால்வாசி இதிலேயே கிடைக்கும்.

முதல் தவறு, அந்த “உனக்குத் தெரியும்” என்ற வார்த்தை. டிரான்ஸில், அதாவது ஹிப்னாஸிஸில் ஆழ்ந்த நிலையில் இருப்பவர் தூங்கிவிடவில்லை. எதிரே இருப்பவர் எதை எதிர்பார்க்கிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் நிக்கலஸ் ஸ்பேனோஸ் குழு இதைச் சோதித்து 1991இல் வெளியிட்டது. பழங்காலத்தில் குழந்தைகளைக் கொடுமைப்படுத்துவது சகஜம் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கப்பட்டவர்கள், தங்கள் ‘முற்பிறவி’யிலும் அதையே கூடுதலாகக் கண்டார்கள். ஸ்பேனோஸிடம் வந்த ஒருவர் தன்னை ஜூலியஸ் சீசர் என்றார், ஆண்டு கி.பி. 50, பதவி ரோமப் பேரரசர். சீசர் கொலையானது கி.மு. 44இல், பேரரசராக அவர் இருந்ததே இல்லை.

கழுத்து வலி என்று வந்தவரிடம் “கழுத்தில் ஏதாவது இறுக்குகிறதா? கயிறா?” என்று கேட்டால் தூக்குமேடையை நாமே கட்டிக் கொடுத்துவிட்டோம் என்று பொருள். “இப்போது என்ன?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். சொல்ல எளிது. எதிரே இருப்பவர் மூன்று நிமிடம் பேசாமல் படுத்திருக்கும்போது, அந்த மௌனத்தை நிரப்பாமல் இருக்கத்தான் வருடக்கணக்கில் பழக வேண்டியிருக்கும்.

அடுத்தது, அழுகையைச் சாட்சியாக எடுத்துக்கொள்வது. கண்ணீர் நிஜம்தான், சம்பவம் நிஜமாக இருக்க வேண்டியதில்லை. ஹிப்னாஸிஸ் நினைவைத் துல்லியமாக்குவதைவிட, ‘இது நடந்ததுதான்’ என்ற உறுதியைத்தான் ஏற்றிவிடுகிறது. அமெரிக்காவில் பல மாநில நீதிமன்றங்கள் ஹிப்னாஸிஸில் மீட்டெடுத்த சாட்சியத்துக்குக் கடிவாளம் போட்டிருப்பது இதனால்தான். மறுபிறவி நினைவைக் குழந்தைகளிடம் பல ஆண்டுகள் தேடித்தேடி ஆராய்ந்த வர்ஜீனியா பல்கலைக்கழகத்து இயன் ஸ்டீவன்சனே, ஹிப்னாஸிஸ் வழியாக வருவதைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

பொருந்துவதை மட்டும் எண்ணுவது இன்னொரு வியாதி. பிரைடி சொன்ன இரண்டு மளிகைக்காரர்கள், ஃபார், காரிகன், பழைய பெல்ஃபாஸ்ட் டைரக்டரியில் உண்மையாகவே இருந்தார்கள். புல்லரிக்கத்தான் செய்யும். ஆனால் அவள் இறந்ததாகச் சொன்ன 1864, அயர்லாந்தில் எல்லோருடைய பிறப்பு இறப்பையும் அரசு பதிய ஆரம்பித்த வருடம். அவள் மரணம் அதில் கிடைக்கவில்லை. வர்ஜீனியா சிறு வயதில் வளர்ந்த சிகாகோ வீட்டுக்கு எதிரே ஐரிஷ்காரப் பெண்மணி ஒருவர் இருந்தார், கல்யாணத்துக்கு முன் அவர் பெயர் பிரைடி மர்ஃபி என்று அந்த ஊர்ப் பத்திரிகை எழுதியது. அதையும் மறுத்து எழுதினார்கள், சண்டை நீண்டது. மயாமி மனநல மருத்துவர் பிரையன் வைஸின் பிரபலமான ரிக்ரஷன் கேஸில், அவரிடம் வந்த பெண் தன் முற்பிறவிக்குச் சொன்ன வருடம் கி.மு. 1863. அந்தக் காலத்தில் வாழ்ந்தவருக்குக் கி.மு. என்று எப்படித் தெரியும்?

இதெல்லாம் சரித்திரச் சண்டை. குடும்பத்துக்குள் புகும் தவறுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. “உன்னைக் கொன்றவர் இப்போது யாராக இருக்கிறார்?” என்ற கேள்வியைக் கேட்கவே கூடாது. ‘போன ஜென்மத்துல என்ன பாவம் செஞ்சேனோ’ என்று பேசிப் பழகிய நம் ஊர் வீட்டில், மாமியார்தான் விஷம் வைத்தவர் என்று ஒரு தடவை வந்துவிட்டால் அதை எந்தச் செஷனும் அழிக்காது.

மாத்திரையை நிறுத்தச் சொல்லவும் கூடாது. காதில் குரல் கேட்கிறது என்று வருகிறவரைப் படுக்க வைக்காமல் மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். சில நாள் பயிற்சியில் கையில் கிடைக்கிற சான்றிதழ், நோய்க்கு வைத்தியம் பார்க்கும் உரிமை ஆகாது.

கடைசியாக ரெக்கார்டிங். பெர்ன்ஸ்டீன் எல்லாவற்றையும் டேப்பில் பிடித்தார், அது நல்ல பழக்கம்தான். புத்தகத்தில் வர்ஜீனியாவுக்கு ரூத் சிம்மன்ஸ் என்று பெயர் மாற்றினார். பிரயோஜனம் இல்லை. புத்தகம் வந்த அதே வருடம் நிருபர்கள் நிஜப் பெயரைப் பிடித்து, அவர் சிறு வயதில் விளையாடிய தெரு வரைக்கும் போய் அக்கம்பக்கத்தாரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.