பெத்துங் மூங்கில்: ஒரு கிளைப்போத்திலிருந்து ஒரு தூர் வரை

முதல் தடவை மூங்கில் வளர்க்க ஆசைப்பட்டபோது, இரண்டு வயதுக் கழி ஒன்றைத் துண்டு துண்டாக அறுத்து மண்ணில் கிடத்தினேன். மூன்றாவது வாரம் பார்த்தால் எல்லாக் கணுவிலும் பச்சை. சந்தோஷம் தாங்கவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் குழியில் நட்டுவிட்டேன். ஒன்றரை மாதத்துக்குள் ஒவ்வொன்றாகக் கருகிப்போயின. பிடுங்கிப் பார்த்தேன், ஒன்றில்கூட வேர் இல்லை. கழிக்குள் இருந்த மாவுச்சத்தைச் செலவழித்தே அவ்வளவு இலையும் வந்திருக்கிறது. கையிருப்பு தீர்ந்தது, செடியும் தீர்ந்தது.

நட்டு வளர்ப்பதற்காக வெட்டி எடுக்கும் துண்டைத்தான் போத்து என்கிறோம். மூங்கில் போத்தில் இலை முந்திக்கொள்ளும், வேர் பிந்தி வரும். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதனால் கீழே சொல்லப்போகும் முறையில் வெட்டுவதையும் நடுவதையும்விட, எந்தக் கிளையை எடுப்பது, எவ்வளவு நாள் காத்திருப்பது என்ற இரண்டைப் பற்றித்தான் நிறையப் பேசப்போகிறேன்.

எந்த மூங்கில் இது

டென்ட்ரோகலாமஸ் ஆஸ்பர் என்பது இதன் தாவரவியல் பெயர். இந்தோனேசியாவில் பெத்துங், மலேசியாவில் பெத்தோங், தாய்லாந்தில் பை தோங். தென்கிழக்கு ஆசியக் காடுகளுக்குச் சொந்தமானது. ஆனால் அங்கெல்லாம் நீண்ட காலமாகவே நட்டு வளர்த்து வருவதால், காட்டைவிடத் தோட்டங்களிலும் ஊர் ஓரங்களிலும்தான் இப்போது அதிகம் கண்ணில் படும்.

நன்றாக வளர்ந்த தூரில், அதாவது ஒரே இடத்தில் நெருக்கமாக எழும்பி நிற்கும் கழிக் கூட்டத்தில், கழி 20 முதல் 30 மீட்டர் உயரம் போகும். விட்டம் 8 முதல் 20 சென்டிமீட்டர். சுவர் கனமானது என்பதால் வீடும் பாலமும் கட்ட எடுக்கிறார்கள். பாலித் தீவில் 2008-ல் திறக்கப்பட்ட கிரீன் ஸ்கூலின் பெரிய மூங்கில் கட்டடங்களிலும் இந்தக் கழிகள் நிற்கின்றன.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். இளம் கழியின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், பொன்பழுப்பு நிறத்தில் வெல்வெட் துணி போல மயிர் படர்ந்திருக்கும். 'ஆஸ்பர்' என்ற லத்தீன் சொல்லுக்குச் சொரசொரப்பு என்று அர்த்தம். அப்புறம், அடிக்கணுக்களைச் சுற்றி முள் வளையம் போல குட்டை வேர்கள் துருத்திக்கொண்டு நிற்கும். நமக்கு வேண்டிய சேதி இதுதான்: கணுவிலேயே வேர் முனைகளை வைத்திருக்கிற இனம் இது. போத்து போட்டு வளர்க்க முடிவதற்கு அதுவே காரணம்.

இது தூர் கட்டும் மூங்கில், ஓடும் மூங்கில் இல்லை. மண்ணுக்கடியில் இருக்கும் கிழங்கு குட்டையாக, தடித்து, மேல்நோக்கி வளைந்து ஒரு கழியாக எழும்பும். அடுத்த கிழங்கு அதன் பக்கத்திலேயே பிறக்கும். பக்கத்துத் தோட்டத்தில் போய் முளைக்குமோ என்ற பயம் வேண்டாம். ஆனால் நின்ற இடத்தில் பல மீட்டர் அகலத்துக்குப் பருக்கும். தொட்டியில் வளர்க்கலாமா என்று கேட்டால், நாற்றாக இருக்கும் வரை வளர்க்கலாம், அவ்வளவுதான்.

படி 1: தாய்த்தூர்

முதலில் அண்ணாந்து பாருங்கள். கிளை நுனிகளில் இலைக்குப் பதில் காய்ந்த உருண்டை உருண்டையாகப் பூங்கொத்து தெரிந்தால் அந்தத் தூரை விட்டுவிடுங்கள். இந்த இனம் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறைதான் பூக்கும். பூத்த பிறகு பெரும்பாலும் தூரே காய்ந்துபோகும். போத்து என்பது தாயின் ஒரு துண்டு. அதன் வயதும் தாயின் வயதுதான். பூக்கிற தூரிலிருந்து எடுத்த போத்து நாற்றுப் பையிலேயே பூத்துச் செத்துப்போவது உண்டு. தாய்லாந்தில் 1990-களின் நடுவில் இந்த மூங்கில் கூட்டமாகப் பூத்தபோது தோட்டக்காரர்கள் பட்ட பாடு பெரியது. ஒரே கால அட்டவணையில் ஓடும் செடிகளைப் பரவலாக நட்டு வைத்ததன் விளைவு.

பூ இல்லை, இலை பசுமையாக இருக்கிறது, போன மழைக்குக் குருத்து விட்டிருக்கிறது என்றால் சரி, அந்தத் தூரை எடுத்துக்கொள்ளலாம்.

காலம்: மழை தொடங்குவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பு. குருத்து விடுவதற்காகக் கழிகளில் சத்து சேர்ந்திருக்கும் நேரம் அது. குருத்துகள் எழும்பிக்கொண்டிருக்கும்போது வெட்டினால் அந்தச் சத்தெல்லாம் குருத்துக்குப் போயிருக்கும், போத்தில் வலு இருக்காது.

படி 2: கிளையைத் தேடுதல்

ஒரு நாள் முழுக்கச் செலவானாலும் பரவாயில்லை, இந்தப் படியில் அவசரப்படாதீர்கள்.

கழியின் வயது ஒன்றரை முதல் மூன்று வருடத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு வருடம்கூட ஆகாத கழியில் அடியுறை (குருத்தாக இருந்தபோது மூடியிருந்த மட்டை) இன்னும் ஒட்டியிருக்கும், மயிர் புதிதாக இருக்கும், கிளைகள் முற்றியிருக்காது. ரொம்பக் கிழடான கழியில் பாசியும் வெள்ளைத் திட்டும் படிந்து நிறம் மங்கியிருக்கும். அதன் மொட்டுகள் தூங்கிப்போனவை. இரண்டுக்கும் நடுவில், மயிர் உதிரத் தொடங்கி, நல்ல பச்சையில் நிற்கும் கழிதான் நமக்கு.

ஒவ்வொரு கணுவிலும் பல கிளைகள் கொத்தாக வரும். அதில் நடுவில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தடிமனாக இருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும். அதன் அடிப்பகுதி, கழியோடு சேரும் இடத்தில், குட்டிக் கிழங்கு போல உப்பியிருக்கிறதா? அந்த உப்பலைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் வேர் முனைகள் மொட்டு மொட்டாகத் தெரிகின்றனவா? இரண்டும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. கிளை கட்டைவிரல் தடிமனாவது இருக்கட்டும். மெலிந்த கிளையில் வேர் வந்தாலும் அடுத்து கிழங்கு பிடிக்கத் தெம்பு இருக்காது.

ஒரு சிக்கல் உண்டு. இந்த இனத்தில் அடிக்கணுக்களில் வேர் வளையம்தான் இருக்கும், நல்ல கிளைகள் தலைக்கு மேலே ஆரம்பிக்கும். ஏணி போட்டு ஏறி ரம்பம் பிடிப்பது ஆபத்தான வேலை. யாராவது முற்றிய கழி வெட்டும் நாளாகப் பார்த்துப் போனால், சாய்ந்து கிடக்கும் கழியிலிருந்து நிதானமாகப் பொறுக்கலாம். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். உறையில் இருக்கும் மயிர் தோலில் ஏறினால் ராத்திரி வரை அரிக்கும். கண்ணைத் தேய்த்துவிடாதீர்கள்.

படி 3: அறுப்பது

சிறு பல் ரம்பம் போதும். கிளையை வளைத்து முறித்தால் அந்த உப்பல் கிழிந்து பாதி கழியிலேயே நின்றுவிடும். முதலில் கீழ்ப்பக்கத்திலிருந்து கொஞ்சம் அறுத்துவிட்டு, அப்புறம் மேலிருந்து கழியை ஒட்டினாற்போல் அறுங்கள். உப்பல் முழுசாக வந்துவிட வேண்டும்.

வந்த கிளையில் அடியிலிருந்து மூன்று கணுக்களை எண்ணி, மூன்றாவது கணுவுக்கு மேல் இரண்டு விரல் அகலம் விட்டு நறுக்குங்கள். பக்கச் சிம்புகளைக் கணுவுக்கு அருகே கத்தரித்துவிடலாம், ஆனால் கணுவில் இருக்கும் மொட்டைக் காயப்படுத்தாமல். மேல்முனையில் களிமண்ணோ மெழுகோ அப்பினால் ஈரம் போகாது. வெட்டியதும் ஈரச்சாக்கில் சுற்றிவிடுங்கள், அன்றைக்கே மண்ணுக்குள் வைத்துவிடுங்கள். ஒரு மதியம் வெயிலில் கிடந்தால் வேர் முனைகள் காய்ந்துவிடும்.

படி 4: வேர்ப்படுகை

மண், மணல், மட்கிய உரம் மூன்றும் சம அளவு. தண்ணீர் ஊற்றினால் உடனே இறங்கிப்போக வேண்டும், ஆனால் கையில் எடுத்துப் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும். உப்பலும் முதல் கணுவும் மண்ணுக்குள் போகும்படி, கொஞ்சம் சாய்வாக நட்டுச் சுற்றிலும் அழுத்திவிடுங்கள். பாதி வெளிச்சம் விடும் நிழல்வலைக்குக் கீழே வைத்து, காலையும் மாலையும் பூவாளியால் தெளியுங்கள்.

வேர் ஊக்கி வேண்டுமா? நல்ல கிளை கிடைத்திருந்தால் இல்லாமலே ஓடும். போட விரும்பினால் ஐபிஏ என்னும் இண்டோல் பியூட்ரிக் அமிலம், 1 லிட்டருக்கு 200 மில்லிகிராம், அடிப்பகுதி மட்டும் ஒரு நாள் ஊறட்டும். அது நேராகத் தண்ணீரில் கரையாது. சொட்டு ஆல்கஹாலில் கரைத்துவிட்டுத் தண்ணீர் சேர்க்க வேண்டும். மட்டமான கிளையை ஊக்கி காப்பாற்றியதாக எனக்கு அனுபவம் இல்லை.

படி 5: தொடாமல் இருப்பது

இரண்டு முதல் நான்கு வாரத்தில் துளிர் வரும். அதைப் பார்த்து மனம் இளகாதீர்கள். அது வேர் இல்லை.

இழுத்துப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். புது மூங்கில் வேர் கண்ணாடி மாதிரி ஒடியும். ஒருமுறை அசைத்தால் மூன்று வார உழைப்பு போயிற்று. அதற்குப் பதில் நான் ஒரு வேலை செய்வேன். பத்துப் போத்து வைத்தால் ஒன்றை மட்டும் அடியில் ஓட்டை போட்ட நிறமில்லாத பிளாஸ்டிக் ஜாடியில் வைத்து, வெளியே கறுப்புத் துணி சுற்றிவிடுவேன். வாரம் ஒருமுறை துணியை விலக்கிப் பார்த்தால் வெள்ளை வேர் ஜாடிச் சுவரில் முட்டுவது தெரியும். அதை வைத்து மற்றவற்றையும் கணக்குப் போட்டுக்கொள்வேன். பெரும்பாலும் இரண்டு மாதத்தை ஒட்டி வேர் தெரியும், சிலது இன்னும் தாமதிக்கும்.

துளிர்த்த இலை எல்லாம் திடீரென்று சுருண்டு வாடினால் பதறித் தண்ணீரை அதிகமாக ஊற்றாதீர்கள். கையிருப்பு தீரும் நேரமும் வேர் பிடிக்கும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றாக வரும். நிழலைக் கொஞ்சம் கூட்டி, தெளிப்பை அடிக்கடி செய்தால் சில தேறிவிடும். மண் நாறத் தொடங்கியிருந்தால் அது அழுகல், அதைத் தூக்கி எறியத்தான் வேண்டும்.

வேர் வந்தாலும் வேலை முடியவில்லை என்பதுதான் மூங்கிலின் தனித்தன்மை. வேர் மட்டும் உள்ள போத்து, உயிரோடு இருக்கும் ஒரு கிளை, அவ்வளவே. தூராக மாற அதற்குக் கிழங்கு பிடிக்க வேண்டும். எப்படித் தெரிந்துகொள்வது? பழைய கணுவிலிருந்து இல்லாமல், மண்ணுக்கடியிலிருந்து தனியாக ஒரு ஊசிக் குருத்து எழும்பும். பின்னல் ஊசித் தடிமன்தான் இருக்கும். அதைப் பார்த்த அன்றைக்குத்தான் அதை நாற்று என்று சொல்லலாம். இதற்குப் பல மாதம் பிடிக்கும், சிலதற்கு ஒரு வருடம்கூட ஆகும். அதுவரை பெரிய பைக்கு மாற்றி நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள்.

படி 6: நடவு

மழை தொடங்கியதும் 60 சென்டிமீட்டர் நீள அகல ஆழத்தில் குழி. மேல்மண்ணோடு மட்கிய உரம் கலந்து நிரப்பி, பை மண் உடையாமல் இறக்குங்கள். ஒன்றுக்கு மேல் நட்டால் இடைவெளி 6 முதல் 8 மீட்டர். இப்போது பார்க்க வெறும் வெட்டவெளியாகத் தெரியும், நடுவில் இன்னொன்று நடத் தோன்றும். நடாதீர்கள். சுவர், குழாய், மின்கம்பி எதுவும் பக்கத்தில் வேண்டாம். தண்ணீர் தேங்கும் பள்ளமும் ஆகாது.

தூரைச் சுற்றிக் காய்ந்த இலை மூடாக்கு தடிமனாகப் போடுங்கள். பிற்பாடு மூங்கில் தன் இலையையே உதிர்த்துப் பரப்பிக்கொள்ளும். அதைக் கூட்டி அள்ளிவிட வேண்டாம். அதிலிருக்கும் சிலிக்கா மண்ணுக்குத் திரும்பி, மறுபடி கழிக்குள் போக வேண்டும்.

முதல் சில வருடங்கள்

மூங்கில் கழி முளைத்த பிறகு பருப்பதில்லை. மண்ணிலிருந்து எந்தத் தடிமனில் வருகிறதோ அதே தடிமன்தான் கடைசி வரை. சில மாதத்தில் முழு உயரத்தையும் எட்டி நின்றுவிடும். பெரிய கழி வேண்டுமென்றால் அடுத்த வருடக் குருத்துக்குத்தான் காத்திருக்க வேண்டும். முதல் வருடம் பென்சில், அப்புறம் விரல், அப்புறம் மணிக்கட்டு என்று வருடா வருடம் அளவு கூடும். அதற்கான சாப்பாட்டைச் சமைப்பது முந்தின வருடத்து ஒல்லிக் கழிகளின் இலைகள். அசிங்கமாக இருக்கிறதே என்று அவற்றை வெட்டிவிட்டால் தூர் வளர்ச்சியில் பின்தங்கிவிடும். முதல் மூன்று வருடம் காய்ந்ததைத் தவிர எதையும் வெட்டாதீர்கள்.

குருத்து சாப்பிடலாமா என்றால், தாராளமாக. தாய்லாந்தில் பை தோங்கைப் பெரிய அளவில் நடுவதே குருத்துக்காகத்தான். இனிப்பான ரகம். ஆனாலும் பச்சையாகத் தின்னக் கூடாது, மூங்கில் குருத்தில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. உறையை உரித்து, நறுக்கி, மூடாமல் நன்றாக வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பிரச்சினை இல்லை. எல்லாக் குருத்தையும் பறித்துவிடாமல் தடிமனான சிலவற்றைக் கழியாக ஏற விடுங்கள்.

கழி வெட்டுவதற்கு மூன்று வயதாவது ஆகியிருக்க வேண்டும். தரைக்கு மேல் முதல் கணுவுக்குச் சற்று மேலே, கணுவை ஒட்டினாற்போல் அறுத்தால் மீதிக் கட்டையில் தண்ணீர் தேங்காது. முற்றியவை தூரின் நடுவிலும் இளையவை வெளி ஓரத்திலும் இருக்கும் என்பதால், ஒரு பக்கம் திறந்து லாடம் போல வழி வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே போய் வர வசதி.

மூன்று வயது எது என்று நான்காவது வருடம் நின்று யோசித்தால் தெரியாது. புதுக்கழி இலை விட்டதும் கண் உயரத்தில் அந்த வருடத்தின் கடைசி இரண்டு எண்ணைப் பெயிண்டால் எழுதிவிடுங்கள். ஒரு டப்பா பெயிண்டும் பழைய தூரிகையும் தூருக்குப் பக்கத்திலேயே ஒரு வாளியில் கிடக்கட்டும்.