கண்ட்ரோல் விசை ஒட்டிக்கொண்டதா? லினக்ஸில் சரிசெய்யும் முறை

டபிள்யூ என்று தட்டினால் உலாவியின் தாவல் மூடிக்கொள்கிறது. மவுஸ் சக்கரத்தை உருட்டினால் பக்கம் நகராமல் எழுத்துகள் பெரிதாகின்றன. விசைப்பலகை கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். கண்ட்ரோல் இன்னும் அழுந்தியே இருப்பதாகக் கணினி நினைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

படி 1: எல்லா மாற்றி விசைகளையும் ஒருமுறை தட்டுங்கள்

விசையை அழுத்துவது ஒரு செய்தி, விடுவது இன்னொரு செய்தி. தொலைநிலைத் திரைக்கோ மெய்நிகர் கணினிக்கோ தாவும் நொடியில் இரண்டாவது செய்தி வழியில் தொலைந்துபோவதுண்டு. கண்ட்ரோல், ஷிப்ட், ஆல்ட், சூப்பர் (விண்டோஸ் சின்னம் உள்ள விசை) ஆகியவற்றை இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டிலும் அழுத்தி விடுங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

படி 2: ஒட்டும் விசைகள்

க்னோம் போன்ற மேசைத்தளங்களில் (சாளரங்கள், பட்டியல்கள் அடங்கிய திரைச் சூழல்), விசைப்பலகை வழியே இயக்கும் வசதி அனுமதிக்கப்பட்டிருந்தால், ஷிப்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டியதும் 'ஒட்டும் விசைகள்' இயங்கத் தொடங்கும். பிறகு மாற்றி விசையைத் தட்டி விட்டாலும், அடுத்த விசையைத் தட்டும்வரை அது அழுந்தியிருப்பதாகவே கணினி எடுத்துக்கொள்ளும். ஷிப்டை 8 நொடி அழுத்திப் பிடித்தால் 'மெதுவான விசைகள்' வந்துவிடும். பிறகு லேசாகத் தட்டுவது எதுவும் பதிவாகாது. அமைப்புகளில் அணுகல்தன்மை, அதனுள் தட்டச்சு என்று சென்று இரண்டையும் அணையுங்கள்.

படி 3: விசை என்ன சொல்கிறது என்று பாருங்கள்

என்னைக் கேட்டால், இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்தக் கட்டளையையும் இயக்கக் கூடாது. முனையத்தை (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) திறந்து எக்ஸ், இ, வி என்ற மூன்று ஆங்கிலச் சிற்றெழுத்துகளைத் தட்டி என்டர் அழுத்துங்கள். (திரையில் சாளரங்களைக் காட்டும் புதிய முறையான வேலாண்டில் உள்நுழைந்திருந்தால் முதல் எழுத்து டபிள்யூ, அந்த நிரலைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும்.) ஒரு சிறு சாளரம் வரும். அதன்மேல் சுட்டியை வைத்துச் சிக்கலான விசையை அழுத்தினால், முனையத்தில் அதன் எண்ணும் பெயரும் ஓடும். வழக்கமான கணினி விசைப்பலகையில் இட கண்ட்ரோல் 37, இட ஷிப்ட் 50, இட ஆல்ட் 64.

எண் சரியாக வந்து பெயர் மட்டும் மாறியிருந்தால் கோளாறு அமைப்பில். ஒன்றுமே வராவிட்டால் விசையையே சந்தேகிக்கலாம். வேறொரு விசைப்பலகையைச் செருகிப் பாருங்கள். சூப்பர் விசைக்கு மட்டும் விதிவிலக்கு: மேசைத்தளமே அதை விழுங்கிவிடக்கூடும்.

படி 4: அமைப்பைத் தேடுங்கள்

க்னோமில் ட்வீக்ஸ் செயலியிலும், கேடிஇ என்ற மற்றொரு மேசைத்தளத்தில் விசைப்பலகை அமைப்புகளிலும் கேப்ஸ் லாக்கையும் கண்ட்ரோலையும் இடம்மாற்றும் தேர்வுகள் இருக்கின்றன. எங்காவது குறியிடப்பட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். வல ஆல்ட் மட்டும் குறுக்குவழிகளில் வேலை செய்யவில்லையா? உங்கள் தளவமைப்பு அதைச் சிறப்பெழுத்துகளுக்கான ஆல்ட்ஜிஆர் விசையாக வைத்திருக்கலாம். அது பிழையன்று.

எங்கிருந்து மாற்றம் வருகிறது என்றே புரியாவிட்டால், புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி உள்நுழையுங்கள். அங்கே விசை ஒழுங்காக இருந்தால் குற்றவாளி உங்கள் இல்லக் கோப்புறையில் இருக்கிறது. கோப்பு மேலாளரில் கண்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்தினால் மறைந்த கோப்புகள் தெரியும். கண்ட்ரோலே தகராறு செய்தால் பட்டியலில் அந்தத் தேர்வைச் சொடுக்குங்கள். எக்ஸ்மோட்மேப் என்ற பெயரில் முன்னால் புள்ளியுடன், விசைகளை மாற்றியமைக்கும் கோப்பு ஏதாவது கிடக்கிறதா? நான் ஒருமுறை அரைநாள் தேடி, கடைசியில் நானே எப்போதோ எழுதிவைத்து மறந்த கோப்பைக் கண்டுபிடித்தேன். அதை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றி, வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள்.

மடிக்கணினியின் எஃப்என் விசையை இவற்றில் சேர்க்க வேண்டாம். பல கணினிகளில் அதை வன்பொருளே கையாண்டுவிடுவதால், லினக்ஸின் கண்ணில் அது படுவதே இல்லை. அதன் நடத்தையை மாற்ற பயாஸ் (கணினி தொடங்கும்போதே இயங்கும் அடிப்படை நிரல்) அமைப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.