துளை செராமிக்கில் ஆன்டிபயாட்டிக் ஏற்றி மெதுவாக வெளியே விடுவது எப்படி

எலும்புக்குள் சீழ் பிடித்துவிட்டால் மாத்திரையும் ஊசியும் மட்டும் போதாது, செத்த எலும்பில் ரத்த ஓட்டம் இருக்காது, மருந்து எப்படிப் போய்ச் சேரும்? அதனால்தான் மருந்தை நேராகக் குழிக்குள்ளேயே வைக்கும் பழக்கம் வந்தது. 1892-லேயே ஜெர்மன் மருத்துவர் ட்ரீஸ்மன் எலும்புக் குழிகளில் ஃபீனால் கலந்த பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை நிரப்பியிருக்கிறார். 1970-இல் இன்னொரு ஜெர்மன் மருத்துவர் புக்ஹோல்ஸ் எலும்பு சிமெண்டில் ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கலந்தார். அது இன்றும் ஓடுகிறது, ஆனால் சிமெண்ட் கரையாது, மணிகளாகக் கோத்து வைத்தால் பெரும்பாலும் மறுபடி திறந்து எடுக்க வேண்டும். கால்சியம் பாஸ்பேட் செராமிக்கில் அந்தத் தொல்லை இல்லை, எலும்பு அதற்குள்ளேயே வளரும். இதை ஆய்வகத்தில் செய்து பார்க்கும் எம்.டெக், பிஎச்டி ஆட்களுக்காக எழுதுகிறேன். நோயாளிக்கு வைக்கும் தரம் வேறு கதை.

கால்சியம் பாஸ்பேட்டில் எந்த வகை என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஹைட்ராக்ஸிஅபடைட்டில் கால்சியம்–பாஸ்பரஸ் விகிதம் 1.67, உடம்பில் ரொம்ப மெதுவாகத்தான் கரையும். பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட்டில் 1.5, அது வேகமாகக் கரையும். முதல் முறை என்றால் ஹைட்ராக்ஸிஅபடைட்டோடு போங்கள். 0.5 மோலார் கால்சியம் நைட்ரேட்டில் அதே கனஅளவு 0.3 மோலார் டைஅம்மோனியம் ஹைட்ரஜன் பாஸ்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், அம்மோனியா சேர்த்து பிஎச் 10-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு இரவு அப்படியே வைத்து, கழுவி, உலர்த்துங்கள். அப்புறம் 900 டிகிரியில் ஒருமுறை சுட்டு அரைத்துக்கொள்ளுங்கள். நிறைய பேர் இந்தச் சுடும் வேலையைச் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள். சுடாத பவுடர் தண்ணீரை அப்படியே குடித்துவிடும், கலவை கெட்டியாகும், காயும்போது விரிசல் விடும்.

துளைக்குப் பாலியூரித்தேன் ஸ்பாஞ்ச் முறை போதும். பவுடர், தண்ணீர், ஒட்டுவதற்குக் கொஞ்சம் பாலிவினைல் ஆல்கஹால் சேர்த்துத் தோசை மாவு பதத்துக்குக் கலக்கி, ஸ்பாஞ்சை முக்கி, துளை அடைபடாத அளவுக்குப் பிழிந்து, நிழலில் காய வையுங்கள். ஃபர்னஸில் 600 டிகிரி வரை நிமிடத்துக்கு 1 டிகிரிதான், அவசரப்பட்டால் ஸ்பாஞ்ச் எரியும்போது வரும் வாயு செராமிக்கையே பிளந்துவிடும். அந்தப் புகையில் ஹைட்ரஜன் சயனைடு இருக்கும், எக்ஸாஸ்ட் இல்லாத அறையில் தயவுசெய்து செய்யாதீர்கள். பிறகு 1250 டிகிரிக்கு ஏற்றி 2 மணி நேரம். 1300-ஐத் தாண்டி ஏற்றிக்கொண்டே போனால் ஹைட்ராக்ஸிஅபடைட் சிதையத் தொடங்கும். வந்தது கையில் பொடிந்தால் தண்ணியான கலவையில் இன்னொரு முறை முக்கிச் சுடுங்கள், ஸ்பாஞ்ச் எரிந்த இடத்தில் உள்ளே கூடாக நிற்கும் தண்டுகளின் விரிசல் ஓரளவு மூடும்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். இப்படிக் கிடைக்கும் 100 முதல் 500 மைக்ரான் துளைகள் எலும்பு வளரத்தான், மருந்தைப் பிடித்து வைக்க இல்லை. வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கின் மூலக்கூறு சில நானோமீட்டர்தான், அதற்கு 300 மைக்ரான் துளை திறந்த மைதானம். 5 மி.மீ. தடிமன் துண்டின் நடுவிலிருந்து பரவி வெளியே வரத் தோராயக் கணக்குப்படி சில மணி நேரம் போதும். ஆக, வெறுமனே ஊற வைத்து ஏற்றிவிட்டு "கட்டுப்படுத்திய வெளியீடு" என்று தலைப்புப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கட்டுப்பாடு வேண்டுமென்றால் துளை மூலக்கூறின் அளவுக்கு நெருங்க வேண்டும், அல்லது மருந்து செராமிக்கோடு ஒட்ட வேண்டும் (டெட்ராசைக்ளின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், பிஸ்பாஸ்போனேட் என்ற எலும்பு மருந்து இன்னும் இறுக்கம்), அல்லது மேலே ஒரு பூச்சு வேண்டும். முதல் வழியில் ஸ்பெயினின் வாலெட்-ரெஹி குழு 2001-இல் நானோமீட்டர் துளைகள் கொண்ட எம்சிஎம்-41 சிலிக்காவில் வலி மருந்தான ஐபுப்ரோஃபென் ஏற்றிக் காட்டியது. வான்கோமைசின் பெரிய மூலக்கூறு, அதற்கு எஸ்பிஏ-15 என்ற இன்னொரு சிலிக்கா மாதிரி அகலமான துளை வசதி.

ஏற்றும் முன் செராமிக்கை 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்துவிடுங்கள், ஏற்றிய பிறகு செய்தால் மருந்து தாங்காது. துண்டை மருந்துக் கரைசலில் மூழ்க வைத்து வேக்கூம் போடுங்கள், குமிழி நிற்கும் வரை. சிக்கிய காற்று போகாவிட்டால் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு அளவு குடிக்கும். பூச்சுக்குப் பலரும் கைட்டோசானை எடுப்பார்கள், ஆனால் அந்தப் பாலிமரைக் கரைப்பது தண்ணீரும் அசிட்டிக் அமிலமும், முக்கும்போதே வான்கோமைசின் கரைந்து வெளியே வந்துவிடும். டைகுளோரோமீத்தேனில் கரைத்த பிஎல்ஜிஏ (உடம்பில் சிதையும் பாலிமர்) மேல், அந்தக் கரைப்பானில் வான்கோமைசின் கரையாது. மெல்லியதாகப் பூசி, கரைப்பான் முழுக்கப் போகும்வரை வேக்கூமில் வையுங்கள். கெட்டியாகப் பூசினால் துளை அடைபட்டு எலும்புக்கு வழியே இருக்காது.

வெளியே வரும் மருந்தை அளப்பதற்கு பிபிஎஸ் (பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசல்), பிஎச் 7.4, 37 டிகிரி, மெதுவான குலுக்கல். வான்கோமைசினை 280 நானோமீட்டரில் நேரடியாக அளக்கலாம். ஜென்டாமைசின் அப்படிக் கிடைக்காது, ஒளியை உறிஞ்சும் பகுதியே அதில் இல்லை, வேறு வேதிப்பொருளோடு வினை செய்ய வைத்துத்தான் அளக்க வேண்டும். மருந்தில்லாத செராமிக் ஒன்றையும் கூடவே ஓட்டுங்கள், உதிரும் துகள் ஒளியைச் சிதறடித்து இல்லாத மருந்தைக் காட்டும். எடுத்த மாதிரியைக் கணக்கில் திரும்பச் சேர்க்க மறக்காதீர்கள்: 10 மி.லி.யில் 1 மி.லி. எடுத்துப் புதிது ஊற்றுகிறீர்கள், முதல் அளவு 200, அடுத்தது 250 மைக்ரோகிராம்/மி.லி. என்றால் மொத்தம் 2500 இல்லை, 2700 மைக்ரோகிராம்.

ஏற்றிய மருந்தில் எத்தனை சதவீதம் வெளியே வந்தது என்ற வரைபடத்தோடு நிற்காதீர்கள். அது 95-இல் படுத்துக்கொண்டால் எல்லாம் முடிந்தது போலத் தெரியும். 10 மி.கி. ஏற்றி, தினமும் 10 மி.லி. முழுக்க மாற்றினால், ஒரு நாளில் வெறும் 0.2 சதவீதம் வந்தாலே 2 மைக்ரோகிராம்/மி.லி. ஆகிவிடும், எலும்புத் தொற்றுக் கிருமியான ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸுக்கு உணர்திறன் எல்லையாக (இந்த அளவுக்குள் அடங்கினால் மருந்து கேட்கும் கிருமி) வைத்திருப்பது அதே அளவுதான். பயோஃபிலிம் (கிருமிகள் ஒட்டிக்கொண்டு கட்டும் படலம்) இருந்தால் பல மடங்கு வேண்டும். எல்லைக்குக் கீழே வாரக்கணக்கில் ஒழுகுவது இன்னும் மோசம், எதிர்ப்புள்ள கிருமிகளைத் தேர்ந்தெடுத்து வளர்க்கும். அதனால் தினசரி செறிவைத் தனியாக வரையுங்கள்.

கடைசியாக ஒன்று, 37 டிகிரியில் நாள் போகப் போக வான்கோமைசினே சிதையும், ஆனால் சிதைந்ததும் 280-இல் ஒளியை உறிஞ்சும். பின்னாள் மாதிரிகளை ஆரியஸ் வளரும் அகார் தட்டில் வைத்துத் தடை வளையம் (கிருமி வளராத வட்டம்) வருகிறதா என்று பாருங்கள், அப்படிப் பார்க்கப் போகும் மாதிரிகளில், பிபிஎஸ் கெடாமலிருக்கச் சேர்க்கும் சோடியம் அசைடு கலந்திருக்கக் கூடாது, இல்லாவிட்டால் கிருமியைத் தடுத்தது மருந்தா அசைடா என்று பிரிக்க முடியாது.